யாவர்க்கும் திறந்த ஆம்பற்குளம்



பகவான் புத்தர்பெருமான் பரிநிர்வாணம் அடைவதற்காகக் குசிநாரை என்னும் ஊரை அடைந்த காலத்தில், அணுக்கத் தொண்டராகிய ஆனந்தர் மனம் பொறாது ஒரு விண்ணப்பம் செய்துகொண்டார். சம்பை, இராசகிருகம், சாவத்தி, காசி முதலிய மாநகரங்கள் பல இருக்க, மண்சுவர்களையுடைய இச்சிற்றூரில் பகவான் மறைதல் தகுமோ என்பதே அவ்விண்ணப்பம். அதற்கு விடையாகப் பகவான் அருளிச்செய்த உபதேசம் தீக நிகாயத்தில் பதினேழாவது சுத்தமாக வைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வூர் முன்னொரு காலத்தில் குசாவதி என்னும் பெருநகரமாய் விளங்கிற்று. அதனை மகாசுதஸ்ஸனன் என்னும் சக்கரவர்த்தி ஆண்டான். அச்சக்கரவர்த்தி யானேயாவேன் என்று பகவான் கூறினார்.

அம்மன்னன் செய்த அறங்களைச் சொல்லத் தொடங்கும்பொழுது, சுத்தம் முதற்கண் எதனைச் சொல்லுகின்றது என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அவன் பனைமரங்களின் இடையே நூறு வில் தொலைவுக்கு ஒன்றாகக் குளங்களை வெட்டுவித்தான். அவற்றுக்குப் படிகள் அமைத்தான். அதன் பின்னர், நீலோற்பலம், செந்தாமரை, வெள்ளாம்பல், வெண்டாமரை ஆகிய நால்வகை மலர்களை அக்குளங்களில் நடுவித்தான். அம்மலர்கள் எல்லாப் பருவத்திலும் பூப்பனவாகவும், எல்லா ஜனங்களுக்கும் தடையின்றிக் கிடைப்பனவாகவும் இருத்தல் வேண்டும் என்று அவன் எண்ணினான். அதற்கப்பால், வருவோரை நீராட்டுதற்கு ஆட்களை அமர்த்தினான். கரையில் பசித்தோர்க்கு உணவும், தாகங்கொண்டோர்க்குப் பானமும், ஆடையில்லாதோர்க்கு ஆடையும் வைத்தான்.

எல்லா ஜனங்களுக்கும் தடையின்றி என்னும் சொல்லை வேறு எவரேனும் விரைவாகப் படித்துச் சென்றுவிடலாம். நாம் அங்ஙனம் செல்லுதல் இயலாது. குளத்தின் கரையிலே தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் மக்களும் பேரர்களும் அல்லவா நாம்?

தடுக்கப்பட்ட தண்ணீர்

போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1927-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் கொங்கண நாட்டு மஹாட் நகரத்தில் சவுதார் குளத்து நீரைத் தம் கையால் அள்ளிப் பருகியதை நாம் ஆண்டுதோறும் நினைவு கூர்கின்றோம். பொதுக் குளங்கள் யாவர்க்கும் உரியன என்று பம்பாய்ச் சட்டசபை 1923-லேயே தீர்மானித்திருந்தது. மஹாட் நகரசபையும் அதனை ஏற்றிருந்தது. ஆயினும் ஒருவரும் அக்குளத்தில் இறங்கத் துணியவில்லை. அன்று ஆயிரக்கணக்கானோர் இறங்கிப் பருகியபின் அவர்கள்மேல் அடி விழுந்தது. பின்னர் நூற்றெட்டுக் குடங்களில் சாணம், கோமியம், பால், தயிர் ஆகியவற்றை வார்த்து, அக்குளம் ‘சுத்தி’ செய்யப்பட்டது. உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து வழக்கு முடிந்தது 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாளில்தான். ஒரு வாய் தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்.

திருவனந்தபுரத்தின் கதையும் இதற்கு வேறன்று. அந்நகரின் நடுவே, ஸ்ரீபத்மநாப சுவாமி கோயிலின் முன்னர்ப் பத்மதீர்த்தம் என்னும் பெருங்குளம் இருக்கின்றது. பத்மம் என்பது தாமரை. மலரின் பெயர் தாங்கிய அக்குளத்தைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கவும் பலருக்கு உரிமையில்லாத காலம் இருந்தது. நகருக்குத் தெற்கேயுள்ள வெங்ஙானூரிலே பிறந்த மகாத்மா அய்யன்காளி 1893-ல் வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையிலே சென்றது, சாலை சகலர்க்கும் உரியது என்பதை நிலைநாட்டுவதற்காகவே. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வெளிவந்த ஆலயப் பிரவேச விளம்பரத்தின் பின்னரே திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் திறந்தன.

அந்நாட்டுக்குப் புத்த தருமம் புதிதென்று கருதவேண்டா. விழிஞத்தைத் துறைமுகமாகக் கொண்டு தென்பகுதியை ஆண்ட ஆய் வேந்தருள் விக்கிரமாதித்திய வரகுணன் என்பவன் ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு நிலம் அளித்ததைப் பாலியம் செப்பேடு கூறுகின்றது. பின் நூற்றாண்டுகளில் பள்ளிகள் மறைந்தன. செப்பேடு மட்டும் எஞ்சிற்று. திருவனந்தபுரத்துக்கு வடக்கே காயிக்கரையிலே 1873-ல் பிறந்த மகாகவி குமாரன் ஆசான், ஆனந்தருக்கு வழியோரக் கிணற்றடியில் தண்ணீர் வார்த்த மாதங்கியின் வரலாற்றைச் ‘சண்டாள பிக்ஷுகி’ என்னும் காவியமாக 1922-ல் மலையாளத்தில் பாடினார். தாம் இழிகுலத்தவள் என்று அப்பெண் அஞ்சி நிற்க, தாம் வேண்டியது நீரே அன்றிக் குலம் அன்று என்று ஆனந்தர் தெளிவித்தார் என்பது அவ்வரலாற்றின் உயிர்.

ஆகவே, திருவனந்தபுரத்தைச் சுற்றி வாழும் தமிழ் உபாசகர்கள் தங்கள் ஊரில் ஒரு மழைநீர்க்குளம் வெட்டி ஆம்பல் நடுவார்களாயின், அது தோட்ட அலங்காரம் மட்டும் ஆகாது. அடைக்கப்பட்டிருந்த ஒன்றைத் திறந்து வைக்கும் தருமம் ஆகும்.

விநயத்தில் உள்ள அனுமதி

பிக்குகளுக்குக் குளம் எதற்கு என்று சிலர் ஐயுறலாம். விநயபிடகத்தின் சுள்ளவக்கத்திலே இதற்கு நேர் விடை உளது. ஓர் உபாசகர் சங்கத்தின் பொருட்டுக் குளம் ஒன்று அமைக்க விரும்பினார். பகவான் அதனை அனுமதித்தார். கரை இடிந்து விழுந்தபொழுது செங்கல், கல், மரம் ஆகிய மூன்றில் ஒன்றால் கரை கட்ட அனுமதித்தார். ஏறுவோர் வருந்தியபொழுது படிகளையும், வழுக்கி விழுந்தபொழுது கைப்பிடியையும் அனுமதித்தார். நீர் பழையதாகிக் கெட்டபொழுது நீர் வரும் கால்வாயையும் நீர் போகும் வடிகாலையும் அனுமதித்தார். கரை, படி, கைப்பிடி, வரத்து, போக்கு ஆகிய ஐந்தும் அங்கே அடங்கிவிட்டன. குளம் வெட்டும் பொறியாளர் இன்றும் இவற்றையே முதலில் வினவுவர்.

ஆனால் பிக்குகள் தாமே நிலத்தைத் தோண்டுதலும் செடிகொடிகளைச் சிதைத்தலும் பாசித்தியக் குற்றங்களாகும். எனவே மண்வெட்டி பிடிக்கும் பணி இல்லறத்தாராகிய நம்முடையது. சங்கத்தார் கரையில் நின்று உபதேசிப்பர். சேற்றில் இறங்குவோர் நாமே.

“மண்ணைத் தோண்டினால் புழு பூச்சிகள் மாளுமே, அது முதற்சீலத்துக்கு மாறன்றோ?” என்று புதிதாகத் திரிசரணம் ஏற்றவர் வினவுதல் இயல்பே. கருமமாவது சேதனையே, அதாவது எண்ணமே, என்பது பகவானது தீர்ப்பு. கொல்லும் எண்ணத்தோடு தோண்டுவதும், பல உயிர்கள் பிழைக்கும் நீர்நிலைக்காகத் தோண்டுவதும் ஒன்றல்ல. எனினும் எண்ணம் நல்லதாயிற்று என்று கை கவனமற்றுப் போதலும் ஆகாது. ஈரம் வற்றிய கோடையிலே தோண்டுக. வளையும் கூடும் கண்ட இடத்தில் சற்றே நின்று, உயிர்களை அகற்றிப் பின்னர்த் தொடர்க.

குளம் வெட்டும் முறை

திருவனந்தபுரத்துக்கு இரு பருவமழைகளும் உண்டு. ஜூன் மாதத் தொடக்கத்தில் இடவப்பாதியும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் துலாமழையும் பெய்யும். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை கிடைக்கின்றது. முப்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உள்ள குளத்தின் பரப்பு 600 சதுர மீட்டர். அதன்மேல் நேராக விழும் மழை மட்டுமே ஆண்டுக்குப் பத்து இலட்சம் லிட்டருக்கு மேற்படும். விகாரையின் கூரை 200 சதுர மீட்டராயின், சேதாரம் போக அதிலிருந்து மூன்று இலட்சம் லிட்டர் வரை வரும். வானம் கொடுப்பதில் குறைவில்லை என்பது இதனால் விளங்கும்.

நிலத்தில்தான் குறை. அப்பகுதியில் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் மிகுதி. அவை நீரை எளிதில் உறிஞ்சும். ஆதலால் குழியின் அடியிலும் பக்கங்களிலும் களிமண்ணை ஈரத்தோடு பரப்பி, மெல்லிய படலங்களாக மிதித்தும் இடித்தும் ஏறத்தாழ ஓர் அடி கனத்துக்குத் தளமிட வேண்டும். தளம் இட்டபின் வெயிலில் வெடிக்க விடலாகாது. மழை வரும்வரை ஈரம் காத்தல் வேண்டும். பக்கங்கள் செங்குத்தாக இராமல் சரிவாக இருக்கட்டும். ஓரத்தில் ஆழமற்ற திண்ணை ஒன்று விட்டு, நடுவில் இரண்டு மீட்டர் வரை ஆழப்படுத்துக. குழந்தை தவறி விழினும் திண்ணை தாங்கும்.

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ஏறத்தாழ 120 நாள் மழை அரிது. வெயிலிலே நாளொன்றுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்று கொண்டால், அக்காலத்தில் குளம் ஏறத்தாழ அரை மீட்டர் இறங்கும். கசிவு வேறு உண்டு. கோடையிலும் நடுவில் நீர் நிற்க வேண்டுமெனில் இரண்டு மீட்டர் ஆழம் மிகையன்று.

நீர் வரும் வழியில் வண்டல் தங்குதற்குச் சிறு தொட்டி ஒன்று அமைத்தல் இன்றியமையாதது. இதற்குப் பழைய முன்மாதிரி இலங்கையிலே அனுராதபுரத்து அபயகிரி விகாரையைச் சேர்ந்த குட்டம் பொக்குண என்னும் இரட்டைக் குளங்கள். ஒன்று ஏறத்தாழ 91 அடி நீளமும் மற்றொன்று ஏறத்தாழ 132 அடி நீளமும் உடையன. அக்குளங்களுக்குச் செல்லும் நீர் முதலில் சிறிய கல்தொட்டிகளில் தங்கி, மண் அடியிற் படிந்த பின்னரே உள்ளே செல்லும்படி முன்னோர் அமைத்தனர். பொலன்னறுவையிலே முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்ததாகிய, எட்டிதழ்த் தாமரை வடிவில் அடுக்கடுக்காகச் செதுக்கிய கற்குளத்தையும் காணலாம். அழகும் பயனும் ஒருங்கே நின்றன.

குளம் நிறைந்தபின் மிகுநீர் வெளியேறுதற்கு மறுகால் வேண்டும். மறுகால் இல்லாத குளம் ஒரு பெருமழையில் தன் கரையைத் தானே உடைத்துக்கொள்ளும். கொடுக்க அறியாத செல்வனுக்கு நேர்வதும் அதுவே.

முன்பிருந்த நீர்நிலையை அழித்துப் புதுக்குளம் வெட்டுதல் தருமமாகாது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பெரிய நன்னீர் ஏரியாகிய வெள்ளாயணிக் காயல், தாமரை பூக்கும் நீர்ப்பரப்பு, ஆக்கிரமிப்பாலும் நிரப்பலாலும் சுருங்கி வந்திருக்கின்றது. வயலையும் ஈரநிலத்தையும் காப்பதற்குக் கேரள அரசு 2008-ல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. ஊரில் தூர்ந்துபோன பழங்குளம் ஒன்று இருக்குமாயின், அதனைத் தூர் வாரி உயிர்ப்பிப்பதே சிறந்த புண்ணியம்.

ஆம்பலை நடுதல்

இடவப்பாதி தொடங்கி நீர் நிற்கும் தருணமே நடுதற்கு ஏற்றது. அகன்ற மண்சட்டியில் களிமண் கலந்த மண்ணை இட்டு, கிழங்கை வைத்து, மேலே சிறிது மணல் தூவுக. பச்சைச் சாணம் இட்டால் நீர் பாசிபிடித்துப் பச்சையாகும். சட்டியை முதலில் ஒரு சாண் நீரில் திண்ணைமேல் வைத்து, இலை மேலே வந்தபின் படிப்படியாக ஆழத்தில் இறக்குக. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். நீர்ப்பரப்பிலே பாதிக்குமேல் இலை மூடாதிருத்தல் நன்று; மீனும் தவளையும் மூச்சு விடவேண்டுமன்றோ? ஆகாயத்தாமரையை மட்டும் ஒரு செடியும் உள்ளே விடாதீர்கள். அதன் ஊதாப்பூ அழகுதான்; ஆனால் சில மாதங்களில் குளம் முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும்.

வெள்ளாம்பல் மாலையில் மலர்ந்து மறுநாட் காலை வெயில் ஏறியதும் குவியும். நீலோற்பலம் காலையில் மலர்ந்து பிற்பகலில் குவியும். இரண்டையும் நட்டால் பகலில் வருவோர்க்கும் இரவில் வருவோர்க்கும் குளம் வெறுமையாய் இராது. நீல ஆம்பலை இலங்கை 1986-ல் தன் தேசிய மலராக ஏற்றது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் 1979-ல் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகினால் நாட்டுக்குரிய இனங்களைப் பற்றி அறிந்துகொள்ளலாம். பிறர் குளத்தை வெறுமையாக்கிக் கிழங்கு கொணராதீர்கள். கொடாததைக் கொள்ளாமை நமது இரண்டாம் சீலம்.

ஆம்பல் சொல்லும் தருமம்

சம்புத்தராகிய பின்னர்ப் பகவான், இத்தருமத்தை உலகுக்கு உரைப்பதோ விடுப்பதோ என்று எண்ணியபொழுது, ஞானக்கண்ணால் உயிர்களை நோக்கினார். குளத்திலே சில ஆம்பலும் தாமரையும் நீருக்குள் மூழ்கியிருக்கும். சில நீர்மட்டத்தில் நிற்கும். சில நீருக்குமேல் எழுந்து, நீர் ஒட்டாமல் நிற்கும். மக்களும் அவ்வாறே பலதரப்பட்டவர் என்று கண்டு, உபதேசிக்க இசைந்தார். இவ்வுவமையிலே உள்ள வேறுபாடு பக்குவத்தின் வேறுபாடு. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்போர் சொல்லும் வேறுபாடு அன்று. இன்று நீருக்குள் இருக்கும் மொட்டு நாளை மேலே எழும். எல்லா மொட்டுக்கும் வேர் ஒரே சேற்றில்தான். ஜாதியோ, இன்று கீழே இருப்பதை என்றும் கீழேயே வைப்பது. குளத்தின் கரையில் ஒரு நாழிகை அமர்ந்து பார்ப்பவனுக்கு இவ்விரண்டின் பேதம் தானே விளங்கும்.

நீர் ஏற ஏறத் தாளும் நீளும் என்னும் ஆம்பலின் இயல்பைத் திருவள்ளுவர் ஊக்கத்துக்கு உவமையாக்கினார். இன்னொரு இயல்பும் உண்டு. கோடையிலே குளம் வற்றி, இலை கருகி, சேறு வெடித்தபின், ஆம்பல் செத்தது என்றே காண்போர் கருதுவர். கிழங்கோ அடிச்சேற்றிலே உறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த மழை விழுந்து நீர் நின்றதும் அது மீண்டும் இலை விடும். தமிழ் நாட்டிலும் சேர நாட்டிலும் புத்த தருமம் நூற்றாண்டுகளாக அவ்விதமே கிடந்தது. மணிமேகலை ஏட்டிலும், வயலிற் கிடந்த புத்தர் சிலையிலும், பொருள் மறந்த ஊர்ப்பெயரிலும் அக்கிழங்கு உறங்கிற்று. 1898-ல் பண்டிதர் அயோத்திதாசர் தமிழகத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபொழுது முதல் இலை வெளிவந்தது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று, இலட்சக்கணக்கானோர்க்கு அவற்றை அளித்தபொழுது பெருமழை பெய்தது.

இவ்விடத்தில் நாம் நம்மை நாமே வினவ வேண்டிய வினா ஒன்று உண்டு. மழை பெய்தது, குளம் வெட்டினோமா? அம்பேத்கர் அவர்கள் தீக்ஷை அளித்து இரண்டு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்தார். மழை பொழிந்த மேகம் கலைந்தது. கரையும் தளமும் இல்லாத நிலத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் அது ஓடி மறையும். திரிசரணம் ஏற்ற நாளன்று கண்ணீர் மல்கினோம். மறுமாதம் எத்தனை பேர் உபோசத நாளை நினைத்தோம்? எத்தனை இல்லங்களில் பிள்ளைகளுக்கு ஐந்து சீலமும் பொருளுடன் தெரியும்? சீலமே களிமண் தளம். அதனைத் தினந்தோறும் மிதித்து இறுக்க வேண்டும். சங்கம் கூடுதலே கரை. தானமே மறுகால்.

பகவான் இரண்டாம் தியானத்துக்குக் கூறிய உவமையையும் இங்கே எண்ணுக. நான்கு திசையிலிருந்தும் நீர் வாராத, வானமும் பொழியாத ஒரு மடு. அதன் அடியிலுள்ள ஊற்றே அதனைக் குளிர்நீரால் நிறைக்கின்றது. நாம் வெட்டுவதோ மழைக்குளம். பிறரது உபதேசத்தாலும், பண்டிகைக் கூட்டத்தாலும் நிறைவது. தொடக்கத்தில் அது போதும். நாள் செல்லச் செல்ல உள்ளே ஓர் ஊற்றுக் கண் திறக்க வேண்டும். அதற்கே பாவனை.

கரையில் யார் இறங்கலாம்?

இனிக் கடினமான இடத்துக்கு வந்தோம். குளம் ஆயிற்று, ஆம்பல் பூத்தது. நம் முன்னோரைக் கரையிலிருந்து துரத்தியவர்களின் பேரர்கள் ஒரு நாள் குடத்தோடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் நம் குளமா?

“அவர்கள் நமக்கு மூடினார்கள், நாம் அவர்களுக்கு மூடினால் என்ன?” என்று இளைஞர் ஒருவர் கேட்பாராயின், அவரைக் கடிந்து பேசலாகாது. அக்கேள்வியின் அடியில் பல தலைமுறையின் தாகம் இருக்கின்றது. ஆயினும் விடை ஒன்றே. பகையைப் பகையால் தணித்தல் இயலாது என்னும் தம்மபத போதனையை நாம் வாயால் மட்டும் ஓதுகின்றோமா என்பது அக்குடத்தின் முன்னர்த்தான் தெரியும். நாமும் மூடினால், குளத்துக்கு உடையவன் மாறினான். குளத்தின் சட்டம் மாறவில்லை. மஹாட்டில் பருகப்பட்ட நீர் நமக்கென்று ஒரு தனிக்குளம் வேண்டிப் பருகப்பட்டதன்று. எக்குளமும் எவர்க்கும் அடைபடாதிருத்தல் வேண்டும் என்பதற்காகப் பருகப்பட்டது.

ஆனால் திறந்திருத்தல் வேறு, பணிந்திருத்தல் வேறு. எங்கள் படித்துறை வேறு, உங்கள் படித்துறை வேறு என்று எவரேனும் கூறினால் அதற்கு இடங்கொடாதீர்கள். நாங்கள் முதலில், நீங்கள் பின்னர் என்றாலும் இடங்கொடாதீர்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நாணம் காக்கும் ஒழுங்கு வேண்டுமாயின் அது யாவர்க்கும் பொதுவாக இருக்கட்டும். வருபவர் மனிதராக வரட்டும்; மனிதராக இறங்கட்டும். மைத்திரி என்பது முதுகு வளைதல் அன்று. நிமிர்ந்து நின்று கொடுப்பதே மைத்திரி.

கரையிலே கல் நாட்டுவதாயின், கொடையாளர் பெயர்களை நிரப்ப வேண்டா. நூறு ரூபாய் கொடுத்தவர் பெயர் பெரிதாகவும், நூறு நாள் மண் சுமந்தவள் பெயர் இல்லாமலும் போவதே பெரும்பாலான கற்களின் வரலாறு. எல்லோர்க்கும் தடையின்றி என்ற பொருளை மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் பொறித்து வையுங்கள். அது போதும். சோலை நட்டோர், பாலம் அமைத்தோர், தண்ணீர்ப்பந்தலும் கிணறும் ஏற்படுத்தினோர் ஆகியோர்க்கு இரவும் பகலும் புண்ணியம் பெருகும் என்று சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. உறங்கும்பொழுதும் பெருகும் புண்ணியத்துக்குக் கல்லில் பெயர் எதற்கு?

வெட்டிய குளத்தை ஆண்டுதோறும் பேணுதலும் தானத்தின் பகுதியே. பூரண நாள்களில் ஒன்றைக் குறித்து, அன்று படியைக் கழுவி, அழுகிய இலையை நீக்கி, வண்டல் தொட்டியை வாரி, கரையில் எறும்பும் நண்டும் துளைத்த இடங்களை அடைத்துவிடுங்கள். வாரிய வண்டல் ஊரார் வயலுக்கு நல்ல உரம். வைகாசி விசாகம் அதற்கு மிகப் பொருத்தமான நாள். மணிமேகலைக் காப்பியத்தில், மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே தோன்றுவது அந்நாளிலேயே. பசித்தோர் பசி தீர்க்கும் பாத்திரம் ஒரு குளத்திலிருந்து வந்தது என்பதைத் தமிழ்ப் பௌத்தர் மறத்தலாகாது. அந்நாளில் குளக்கரையில் ஒரு பானை கஞ்சியேனும் காய்ச்சி, வந்தோர்க்கெல்லாம் வார்ப்போமாக. இடவப்பாதி வருமுன் தூரும் வாரப்பட்டிருக்கும், வயிறும் நிறைந்திருக்கும்.

மகாசுதஸ்ஸனனின் சுத்தம் எவ்வாறு முடிகின்றது என்பதைக் கூறி இவ்வுரையை நிறைவு செய்வாம். அத்தனை குளங்களையும் பூக்களையும் மாளிகையையும் விரித்துரைத்த பகவான், அவையெல்லாம் கழிந்தன, மறைந்தன, மாறின என்று ஆனந்தருக்குக் காட்டினார். அக்குளங்கள் ஒன்றும் இப்பொழுது இல்லை. நாம் வெட்டும் குளமும் ஒரு நாள் தூரும், ஆம்பலும் அழியும், கல்லில் பொறித்த எழுத்தும் தேயும். அநித்தியம் என்பதை அறிந்துகொண்டே வெட்டுகிறவன் தான் வெட்டியதைப் பற்றிக்கொள்ள மாட்டான். பற்றிக்கொள்ளாதவன் எவரையும் கரையிலிருந்து துரத்த மாட்டான். ஆகவே, கோடை வருவதற்குள் இடத்தைத் தேர்ந்து, கோடையில் மண்வெட்டியை எடுத்து, இடவப்பாதி வருமுன் களிமண்ணை மிதித்து முடிப்போமாக. மழை தன் காலத்தில் வரும். கரையில் முதலில் வந்து நிற்பவர் யாராயினும், அவர் குடம் நிறைவதாக.

சாது! சாது! சாது!